வெங்காய வண்டியில் போன என் ரகசியம்

அரியலூர் பஸ் ஸ்டாண்டுக்குக் கொஞ்ச தூரம் இருக்கும்போதே பஸ் நின்றுவிட்டது. முன்னால் சுண்ணாம்புக்கல் லாரிகள் ஒன்றன்பின் ஒன்றாக நின்றன. டிரைவர் இன்ஜினை அணைத்துவிட்டுச் சாவகாசமாகத் தண்ணீர் குடித்தார். ஜன்னல் வழியாகத் தூசியும் வெயிலும் சேர்ந்தே உள்ளே வந்தன.

அப்போதுதான் பக்கத்துத் தெருவிலிருந்து அந்தக் குரல் கேட்டது.

“அன்பார்ந்த தாய்மார்களே! பெரியோர்களே! செட்டிகுளம் மண்ணில் விளைந்து, செம்மை நிறம் மாறாத சின்ன வெங்காயம், இதோ தங்கள் இல்லம் நாடி வந்துள்ளது! மூன்று கிலோ நூறு ரூபாய் மட்டுமே!”

என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெரியவர் சிரித்தார். “யாருப்பா இவன்? வெங்காயத்துக்குக் கொடியேத்திப் பேசறான்!”

நானும் சிரித்தேன். அப்புறம்தான் உறைத்தது. அது என் குரல்.

நெஞ்சு கொஞ்சம் நிமிர்ந்தது என்றே சொல்ல வேண்டும். “அது நாந்தாங்க பேசினது” என்றேன். பெரியவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். நம்பவில்லை. நம்ப வைக்க வேண்டிய அவசியமும் இல்லாமல் போயிற்று. ஒலிபெருக்கி நிற்காமல் மேலே பேசியது.

“ஸ்காலர்ஷிப் இன்னும் வரலடா அன்சாரி. வெள்ளிக்கிழமைக்குள்ள பீஸ் கட்டலன்னா ஹால் டிக்கெட் கெடையாதாம்.”

அடுத்து இன்னொரு குரல், மூக்கால் இழுத்து இழுத்து: “நாளைக்கு வா தம்பி... நாளைக்கு வா...”

“சிரிக்காதடா. வூட்டுக்குத் தெரிஞ்சா அப்பா மொபெட்ட வித்துடுவாரு. யார்கிட்டயும் மூச்சு விட்றாத.”

“சரி சரி. காலையில ஏதாச்சும் தின்னியா?”

“ரெண்டு வாழப்பழம்.”

ஒரு கரகரப்பு. பிறகு மறுபடியும், “அன்பார்ந்த தாய்மார்களே! பெரியோர்களே!”

பஸ் முழுக்கச் சிரிப்பு. கண்டக்டர்கூடச் சிரித்தார். பெரியவர் மட்டும் சிரிப்பதை நிறுத்திவிட்டு என் பக்கம் சாய்ந்து மெதுவாகக் கேட்டார்.

“ஏம்ப்பா, ஹால் டிக்கெட் கெடச்சிதா?”

பள்ளிக்கூடத்துக்குள் போன மூவர்

இந்தத் தொடரை இந்த வாரம்தான் புரட்டுகிறவர்களுக்கு ஒரு சின்ன அறிமுகம். என் பெயர் வேல்முருகன். செந்துறைக்குப் பக்கத்தில் ஒரு சிறிய ஊர். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்துக்குள் போனவர்கள் மூன்று பேர். சுவர் கட்டப் போன அப்பா, பெருக்கிக் கூட்டப் போன அம்மா, படிக்கப் போன நான்.

அப்படிப் போன மூன்றாவது ஆள், தட்டுத் தடுமாறிப் பெரம்பலூரில் ஒரு கல்லூரியில் கணிதம் சேர்ந்து, ஹாஸ்டலில் தங்கி, இரண்டாம் வருடத்துக்கும் வந்தாகிவிட்டது. முதல் வருடம் ஸ்காலர்ஷிப் ஒழுங்காக வந்தது. இரண்டாம் வருடம் வரவில்லை. விண்ணப்பம் சரி, சான்றிதழ் சரி, பேங்க் கணக்கு சரி. எல்லாம் சரியாக இருந்தும் பணம் மட்டும் வரவில்லை. ஹாஸ்டலில் பாதிப் பேருக்கு இதே கதைதான்.

வாரத்துக்கு இரண்டு தடவை கல்லூரி ஆபீசில் போய் நிற்பேன். அங்கே கிளார்க் சார் ஒருவர் இருந்தார். கெட்டவர் என்று சொல்ல முடியாது. கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, கம்ப்யூட்டரைப் பார்த்தபடியே, “நாளைக்கு வா தம்பி” என்பார். நான் உடனே “தேங்க்ஸ் சார்” என்று சொல்லிவிட்டு வருவேன். எதற்கு நன்றி சொன்னேன் என்று வெளியே வந்து யோசிப்பேன்.

வீட்டில் ஸ்காலர்ஷிப் என்ற சொல் கிடையாது. “கவர்மெண்ட் காசு” என்பார்கள். ஒருநாள் அப்பா போனில் கேட்டார். “கவர்மெண்ட் காசு வந்துடுச்சாடா? வரலன்னா சொல்லு. வண்டியக் குடுத்துடலாம்.”

வண்டி என்றால் மொபெட். பதினைந்து வருடம் சைக்கிளில் வேலைக்குப் போன கொத்தனார் என் அப்பா. கரண்டியும் மட்டப்பலகையும் கேரியரில் கட்டிக்கொண்டு, எதிர்க்காற்றில் மிதித்து மிதித்து முட்டி தேய்ந்துபோன பிறகு, ஒரு பால்காரரிடமிருந்து பழைய மொபெட் ஒன்றை வாங்கினார். எவ்வளவு கழுவியும் அதில் பால் வாடை போகவில்லை. அப்பா தெருவுக்குள் நுழைந்தால் இரண்டு பூனைகள் பின்னாலேயே ஓடிவரும். அம்மா திட்டுவாள். அப்பாவுக்கு அதில் ஒரு பெருமை.

அந்த வண்டியை விற்கலாம் என்று அவர் அவ்வளவு சாதாரணமாகச் சொன்னதும் என் வாய் தானாகவே பொய் சொன்னது.

“வந்துடுச்சுப்பா. போன வாரமே வந்துடுச்சு.”

“அப்ப சரி” என்று அவர் போனை வைத்துவிட்டார். தேர்வுக் கட்டணம் கட்டக் கடைசி நாளுக்கு அப்போது மூன்று வாரம் இருந்தது. மூன்று வாரத்தில் ஏதாவது வேலை செய்து சம்பாதித்துவிடலாம் என்பது என் கணக்கு. கணிதம் படிக்கிறவன் கணக்கு.

சாம்பார் வாளியும் ஹெல்மெட்டும்

முதல் வேலை கல்யாணச் சாப்பாடு பரிமாறுவது. பெரம்பலூரில் முகூர்த்த நாள் வந்தால் கல்லூரிப் பையன்களில் பாதிப் பேர் கேட்டரிங் பனியனில்தான் இருப்பார்கள். என் கையில் சாம்பார் வாளியைக் கொடுத்தார்கள். மேனேஜர், “கேட்டுக் கேட்டு ஊத்தணும், வீணாக்கக் கூடாது” என்று சொல்லியிருந்தார்.

நான் சொன்னதைச் செய்கிற ஆள். ஒவ்வொரு இலைக்கும் முன்னால் நின்று, “சாம்பார் ஊத்தட்டுங்களா? சோத்து மேலயா, பக்கத்துலயா? இவ்வளவு போதுங்களா?” என்று கேட்டேன். ஒரு வரிசை முடிவதற்குள் முதல் இலைக்காரர் ரசத்துக்குக் கையைப் பிசைந்துகொண்டு உட்கார்ந்திருந்தார். அடுத்த பந்திக்காக நாற்காலிக்குப் பின்னால் நின்றவர்கள் முறைத்தார்கள்.

மேனேஜர் வந்து வாளியைப் பிடுங்கினார். “தம்பி, நீ சாம்பார் ஊத்த வந்தியா, கணக்கெடுக்க வந்தியா?”

கூலியைக் கொடுத்து, கையில் ஒரு லட்டையும் வைத்து அனுப்பிவிட்டார்.

இரண்டாவது வேலைக்கு என் அறைத் தோழன் அன்சாரியும் கூட வந்தான். அவன் லெப்பைக்குடிக்காட்டுப் பையன். அவனுக்கும் ஸ்காலர்ஷிப் வரவில்லை. ஆனால் அவன் மாமா ஒருவர் வெளிநாட்டிலிருந்து பீஸ் அனுப்பிவிட்டார். “ஒனக்குத் தொணைக்கு வரேன்டா மச்சான்” என்றான். உண்மையில் ஞாயிற்றுக்கிழமை ஹாஸ்டல் சாப்பாட்டிலிருந்து தப்பிக்கத்தான் வந்தான்.

செட்டிகுளத்தில் ராசாங்கம் அண்ணன் என்று ஒரு வெங்காய வியாபாரி. காட்டிலிருந்து தாளோடு, அதாவது இலைக்காம்போடு, பிடுங்கி, காய்ந்து வந்த சின்ன வெங்காயத்தை, தாளை அரிந்து காயைத் தனியாகக் கொட்ட வேண்டும். பெண்கள் வட்டமாக உட்கார்ந்து அரிந்துகொண்டிருந்தார்கள். கை போகிற வேகம் தெரியாது, வாய் பேசுகிற பேச்சும் நிற்காது. ஒருத்தர் கண்ணிலும் ஒரு சொட்டுக் கண்ணீர் இல்லை.

எங்களுக்கு ஐந்தாவது நிமிடமே தாரை தாரையாகக் கொட்டியது. தாளை மட்டும் அரிய வேண்டிய இடத்தில் நாங்கள் காயையும் சேர்த்து அரிந்துகொண்டிருந்தோம்.

“ஏக்கா, இந்தப் புள்ளைங்க யாருக்கு அழுவுதுங்க?” என்றாள் ஒருத்தி.

“காயத்தான் கொல்லுதுங்கள்ல, அதுக்கு அழுவுதுங்க” என்றாள் இன்னொருத்தி.

அன்சாரி எழுந்து வெளியே போனான். ஓடிவிட்டான் என்று நினைத்தேன். வாசலில் நின்ற யாருடைய பைக்கிலிருந்தோ ஹெல்மெட்டை எடுத்து மாட்டிக்கொண்டு, கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்தான். பெண்கள் சிரித்த சிரிப்பில் அரைமணி நேரம் வேலையே நடக்கவில்லை. சத்தம் கேட்டு ராசாங்கம் அண்ணன் ஓடிவந்தார். ஹெல்மெட் அவருடையது.

அவர் திட்டத் தொடங்கியதும் நான் எழுந்து நின்று, பள்ளிக்கூடத்தில் பழகிய பழக்கத்தில், கையைக் கட்டிக்கொண்டு தெளிவாகச் சொன்னேன். “மன்னிச்சிடுங்கண்ணே. தவறு எங்களோடதுதான். இனிமே இப்படி நடக்காது.”

அவர் திட்டுவதை நிறுத்தினார். “இன்னொரு தடவ சொல்லு.”

“மன்னிச்சிடுங்கண்ணே...”

“கொரலு கணீர்னு இருக்குதே! தம்பி, நீ வெங்காயம் அரிய வேணாம். அரிஞ்ச வரைக்கும் நட்டம் போதும். நம்ம வண்டிக்கு மைக்குல போடறதுக்குப் பேசிக் குடு. தனியாக் காசு தரேன்.”

போர்வைக்குள் ஒலிப்பதிவு

குரல் விஷயத்தில் எனக்கு ஒரு வரலாறு உண்டு. ஆறாம் வகுப்பில் செய்யுள் ஒப்புவித்தல் போட்டியில் முதல் பரிசு வாங்கியவன் நான். பரிசு ஒரு பிளாஸ்டிக் சோப்பு டப்பா. எங்கள் வீட்டுக்குள் கல்வியால் வந்த முதல் பொருள் அதுதான். அம்மா அதில் சோப்பு வைக்க மாட்டேன் என்று சொல்லி, ரேஷன் கார்டை மடித்து வைத்தாள். கார்டு இரண்டாக முறிந்தது வேறு கதை.

ஆகவே ராசாங்கம் அண்ணன் கேட்டதும் நான் அதை விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை. இரண்டு மணி நேரம் உட்கார்ந்து எழுதினேன். ‘வெங்காயம் வெங்காயம்’ என்று கத்துவது எல்லாரும் செய்வது. படித்தவன் பேசினால் அதில் ஒரு மரியாதை இருக்க வேண்டாமா?

அன்று மதியமே ஹாஸ்டலில் ஒலிப்பதிவு. பக்கத்து அறையில் கேரம் போர்டு சத்தம். அதனால் நானும் அன்சாரியும் இரண்டு போர்வைகளைத் தலையோடு மூடிக்கொண்டு, நடுவில் அவன் போனை வைத்துக்கொண்டோம். உள்ளே வெந்தது. எட்டாவது தடவைதான் பேச்சு திருத்தமாக வந்தது. “முடிஞ்சிதுடா” என்று அவன் திரையை அமுக்கினான்.

அமுக்கியது சரியாகப் படவில்லை. வியர்வை விரல். போன் நாங்கள் பேசியதை எல்லாம் வாங்கிக்கொண்டே இருந்தது.

போர்வையை விலக்கி மூச்சு வாங்கியபடி நான் புலம்பினேன். அன்சாரி கிளார்க் சார் மாதிரி பேசிக் காட்டினான். அந்தப் பையனுக்கு யார் குரலும் வரும். வார்டன் குரலில் அவன் பேசி, வார்டனே ஒருநாள் திரும்பிப் பார்த்திருக்கிறார். அப்புறம்தான் அவன் போனைப் பார்த்து, நிறுத்தி, அப்படியே ராசாங்கம் அண்ணனுக்கு அனுப்பிவிட்டான். இரண்டு பேரும் முழுக்கக் கேட்டுப் பார்க்கவில்லை. எட்டுத் தடவை கேட்டாயிற்றே, ஒன்பதாவது எதற்கு?

ராசாங்கம் அண்ணனும் முழுக்கக் கேட்கவில்லை. உடனே போன் பண்ணினார். “வெங்காயம்னு வருது, வெல வருது. அது போதும் தம்பி” என்றார். விலை வந்ததோடு அணைத்துவிட்டிருக்கிறார்.

இது ஞாயிற்றுக்கிழமை. அவர் கொடுத்ததும் சாம்பார்க் கூலியும் சேர்த்துப் பார்த்தால் கட்டணத்துக்கு இன்னும் பாதி குறைந்தது. அதனால்தான் புதன்கிழமை அரியலூரில் ஒரு கல்யாண மண்டபத்தில் வேலை கேட்கப் பஸ் ஏறினேன். அந்தப் பஸ்தான் லாரிகளுக்குப் பின்னால் நின்றது.

“சாப்டியா தம்பி?”

பெரியவரின் கேள்விக்குப் பதில் சொல்லாமல் பஸ்ஸிலிருந்து குதித்து, குரல் வந்த திசையில் ஓடினேன். என் குரலை நானே துரத்திக்கொண்டு ஓடினேன் என்று சொல்லலாம். ஒரு தெருமுனையில் வண்டி நின்றது. சுற்றிலும் பெண்கள். ராசாங்கம் அண்ணனே தராசைப் பிடித்து நிறுத்துக்கொண்டிருந்தார்.

“அண்ணே! அத அமத்துங்கண்ணே! மொதல்ல அமத்துங்க!”

நான் வாய் திறந்ததுதான் தாமதம். ஒரு அக்கா தூக்குப்பையைக் கீழே வைத்தாள். “ஏய், இந்தக் கொரலுதான்டி! இந்தப் புள்ளதான்!”

“அய்ய, எவ்வளவு ஒல்லியா இருக்கான் பாரு.”

“சாப்டியா தம்பி?”

“அந்த ‘நாளைக்கு வா’ன்னு சொல்றவன் யாருய்யா? அவன் வெளங்குவானா?”

ஒரு அம்மா என் கையில் இரண்டு கொய்யாப்பழத்தைத் திணித்தார். இன்னொருவர், “இந்தப் புள்ளைக்காக இன்னும் மூணு கிலோ போடுங்க” என்றார்.

எனக்கு மனசு கேட்கவில்லை. “அக்கா, வெங்காயம் வித்தா அந்தக் காசு எனக்கு வராதுங்க. நீங்க தேவைக்கு மட்டும்...”

ராசாங்கம் அண்ணன் என் தோளைப் பிடித்து வண்டிக்குப் பின்னால் தள்ளிக்கொண்டு போனார்.

“வாய மூடு. மூணு நாளா வண்டி காலியாத்தான் திரும்புது. இருவது வருசத்துல இப்படி யாவாரம் பாத்ததில்ல. பத்து மணிக்கெல்லாம் மூட்ட தீந்துடுது.”

“கடைசில பேசறதையாச்சும் வெட்டிடுங்கண்ணே.”

“கடைசில பேசறத வெட்டிட்டா எவன் வாங்குவான்? மொதல்ல நீ பேசினது ஒருத்தருக்கும் புரியல தம்பி.”

இது எனக்கு வலித்தது. இரண்டு மணி நேரம் எழுதியது. ஆனால் அதைவிடப் பெரிய வலி ஒன்று பாக்கி இருந்தது. “அண்ணே, இது வரைக்கும் எங்கெங்க போனீங்க?”

“திங்கக்கெழம பெரம்பலூர் டவுன். நேத்து குன்னம், செந்துறை. இன்னிக்கு இங்க.”

செந்துறை. நான் கொய்யாப்பழத்தோடு அப்படியே வண்டிச் சக்கரத்தின் பக்கத்தில் உட்கார்ந்தேன். அண்ணன் என்ன நினைத்தாரோ, ஒலிபெருக்கியை அணைத்துவிட்டு வந்தார்.

அம்மாவுக்குப் போன் போட்டேன். மணி அடிப்பதற்குள் எடுத்துவிட்டாள்.

“அம்மா...”

“அன்பார்ந்த தாய்மாரே இங்கதான் இருக்கேன், சொல்லு.”

தெரிந்துவிட்டது. முழுக்கத் தெரிந்துவிட்டது.

“நேத்து நூறு நாள் வேலையில ஏரிக்கரையில நிக்கிறன். முப்பது பொம்பளைங்க. ரோட்டுல வண்டி போவுது. ‘ஏய் வேலு கொரலுடி’ன்னு நாந்தான் மொதல்ல சொன்னேன், பெருமையா. மம்பட்டியத் தூக்கிப் போட்டுட்டு எல்லாரையும் பேசாம இருங்கடின்னேன். நல்லாக் கேட்டாளுங்க. கடைசி வரைக்கும் கேட்டாளுங்க.”

“அம்மா, பொய் சொல்லணும்னு...”

“நாலு தாலுகாவுக்கும் சொல்லியிருக்க. பெத்தவளுக்கு மட்டும் சொல்லல.”

நான் கொய்யாப்பழத்தைக் கீழே வைத்தேன். பிறகு, “ரெண்டு வாழப்பழந்தான் தின்னேன்னியே, அது நெசமா?” என்றாள்.

“அன்னைக்கு மட்டுந்தாம்மா. லேட்டா எந்திரிச்சேன், டிபன் தீந்துடுச்சு.”

“ம்.”

“அப்பாவுக்குத் தெரியுமா?”

“அவருதான் அஞ்சு கிலோ வாங்கியாந்தாரு. வூட்டுல ஏற்கனவே கெடக்குது வெங்காயம். மறுபடியும் கேக்கணும்னு மொபெட்ட எடுத்துக்கிட்டு அந்த வண்டி பின்னாடியே மூணு ஊரு போயிருக்காரு. நாலாவது ஊர்ல பெட்ரோல் தீந்துபோயி, தள்ளிக்கிட்டு வந்தாரு.”

“இப்ப எங்க?”

“வெடியக்காலயில வண்டிய நல்லாத் தொடச்சாரு. எண்ண போட்டாரு. எங்கன்னு சொல்லாம எடுத்துக்கிட்டுக் கெளம்பிட்டாரு.”

தொடைத்து, எண்ணெய் போட்டு. விற்கப் போகிறவன்தான் அப்படிச் செய்வான். எதற்காகப் பொய் சொன்னேனோ, சாம்பார் வாளி தூக்கினேனோ, கண்ணீர் விட்டேனோ, அத்தனையும் வீண்.

போனை வைத்ததும் அன்சாரி கூப்பிட்டான். யாருடைய அப்பாவாக இருந்தாலும் அவனுக்கு அத்தாதான்.

“மச்சான், உங்க அத்தா நம்ம காலேஜ் ஆபீஸ்ல உக்காந்திருக்காரு. கிளார்க் சாருக்கு எதிர்லயே. கையில ஒரு பை வெங்காயம். சீக்கிரம் வாடா, எனக்குப் பயமா இருக்கு.”

பூச்சு சரியில்லாத சுவர்

பெரம்பலூர் பஸ் அன்றைக்குப் போல என்றைக்கும் மெதுவாகப் போனதில்லை. அப்பா யாரையாவது கையெடுத்துக் கும்பிட்டுக்கொண்டு நிற்பார் என்று வழியெல்லாம் நினைத்துக் குமைந்தேன்.

ஆபீஸ் கதவைத் தள்ளினால், அப்பா கல்யாணத்துக்குப் போடுகிற வெள்ளைச் சட்டையில், நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். கை சுவரைத் தடவிக்கொண்டிருந்தது.

“மணலச் சலிக்காம பூசியிருக்கானுங்க சார். பாருங்க, நகம் பட்டா உதிருது. அடுத்த மழைக்கு ஓதம் ஏறும். பீரோவத் தள்ளிப் போடுங்க.”

கிளார்க் சார் எழுந்து நின்று கவலையோடு சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். மூலையில் அன்சாரி, தண்டனை வாங்கக் காத்திருக்கிறவன்போல நின்றான். என்னைப் பார்த்ததும் கிளார்க் சார் உட்கார்ந்தார்.

“வாங்க, வெங்காய மேடைப் பேச்சாளர். திங்கக்கெழமையே எங்க தெருவுக்கு வந்துச்சு உன் வண்டி. என் பொண்ணு ரெண்டாங்கிளாஸ் படிக்கிறா. வூட்டுப்பாடம் எப்பப் பண்ணுவேன்னு கேட்டா, மூக்கால இழுத்து ‘நாளைக்கு’ங்கறா. நான் அப்படியாடா பேசறேன்?” கடைசிக் கேள்வி அன்சாரிக்கு.

அந்த நேரம் பார்த்து மேசைமேல் போன் அடித்தது. சார் எடுத்தார். “ஆமாங்க... இல்லைங்க... நாளைக்கு வாங்க...” என்று மூக்கால் இழுத்தவர், பாதியில் நிறுத்தி எங்களைப் பார்த்தார். நாங்கள் மூன்று பேரும் சுவரைப் பார்த்தோம்.

அப்பா தொண்டையைக் கனைத்தார். “சார், எனக்கு இந்த ஆபீசு நடைமொற தெரியாதுங்க. தப்பா இருந்தா விட்ருங்க. சிமெண்ட் கடையில நாங்க கேப்போம். இன்னிக்கு மூட்ட குடுங்க, சனிக்கெழம கூலி வந்ததும் தரேன்னு. குடுப்பாங்க. அந்த மாதிரி இங்க ஒண்ணும் கெடையாதுங்களா? புள்ள பரீட்ச எழுதிடட்டும். கவர்மெண்ட் காசு வந்ததும் எடுத்துக்கங்க.”

“இருக்கே” என்றார் கிளார்க் சார்.

“இருக்குங்களா?”

“ஒரு லெட்டர். ஸ்காலர்ஷிப் வந்ததும் கட்டறேன்னு எழுதி, பிரின்சிபால் கையெழுத்துப் போட்டா, ஹால் டிக்கெட் குடுத்துடுவோம். வருசா வருசம் நாலு பேரு குடுக்கறதுதான்.”

நான் மேசையருகே போனேன். “சார், அத எங்கிட்ட ஏன் சார் சொல்லல?”

“நீ என்ன கேட்ட? ‘சார், காசு வந்துடுச்சா’ன்னு கேட்ட. வரல. நாளைக்கு வான்னேன். உடனே தேங்க்ஸ் சொல்லிட்டு ஓடிட்ட. வேற வழி இருக்கான்னு நின்னு கேட்டியா?”

கேட்கவில்லை. ஆபீசில் ஒரு கேள்விக்கு மேல் கேட்டால் திட்டுவார்கள் என்று எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. ஆனாலும் தெரிந்திருந்தது. படிக்கப் பள்ளிக்கூடம் போகாத அப்பாவுக்கு அது தெரிந்திருக்கவில்லை. அதனால் அவர் பாட்டுக்குக் கேட்டுவிட்டார்.

காகிதம் வாங்கி அங்கேயே எழுதினேன். ‘கல்விக் கோயிலின் காவலராம் முதல்வர் அவர்களின் பொற்பாதங்களுக்கு’ என்று தொடங்கியதைக் கிளார்க் சார் பிடுங்கிக் கிழித்தார். “நாலு வரி எழுதுடா. ஐயா, பணம் வரல, வந்ததும் கட்டறேன், இப்படிக்கு. அவ்வளவுதான்.” நாலு வரி எழுதினேன். எனக்குத் திருப்தி இல்லை. பிரின்சிபால் பச்சை மையில் கையெழுத்துப் போட்டார். அந்தப் பச்சையைக் கண்ணால் பார்த்த பிறகுதான் அப்பா நாற்காலியிலிருந்து எழுந்தார்.

அன்சாரியை, “இத நாப்பது காப்பி எடுத்துட்டு வா. ஹாஸ்டல்ல வரலன்னு நிக்கறவன் எல்லாம் பேர மாத்தி எழுதிக்கட்டும்” என்று சார் ஜெராக்ஸ் கடைக்கு விரட்டினார்.

அப்பா வெங்காயப் பையை மேசைமேல் வைத்தார். அப்புறம் தயங்கினார். “எதுக்கும் சார், காசு வர ரொம்ப நாளாச்சுன்னா, வண்டி வெளியிலதான் நிக்கிது. வந்து பாத்துட்டீங்கன்னா...”

“அதெல்லாம் வேணாங்க” என்றார் சார். அப்பா விடவில்லை. வெளியே வந்தோம். மொபெட் வெயிலில் மின்னியது. கிளார்க் சார் அதை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். டயரைக் காலால் தட்டினார். சீட்டை அமுக்கினார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார்.

“ஏங்க, இதயா உங்க பையன் காப்பாத்தினான்? இத வித்தா ஒரு பேப்பருக்கு பீஸ் கட்டவே காணாதுங்க.”

அப்பாவின் முகம் மாறிவிட்டது. நான் பொய் சொன்னதற்காக அவர் என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. இதற்குக் கோபம் வந்தது.

“என்ன சார் இப்படிச் சொல்லிட்டீங்க? கிக்கர் புதுசுங்க. இப்பப் பாருங்க, ஒரே மிதி.”

மிதித்தார். பத்துத் தடவை மிதித்தார். பால் வாடை வந்தது, சத்தம் வரவில்லை. “தள்ளினா புடிச்சிக்கும்” என்றார், யாரையும் பார்க்காமல்.

பின்னால் ஒரு பக்கம் நான் கைவைத்தேன். இன்னொரு பக்கம் ஆள் இல்லை. கிளார்க் சார் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு வந்து நின்றார். இரண்டு பேரும் தள்ளினோம். கேன்டீன் தாண்டி, சைக்கிள் ஸ்டாண்ட் தாண்டி, கேட்டைத் தாண்டி ரோட்டுக்கே வந்தபோது, வண்டி நாலு தடவை இருமி, ஒரு புகையைக் கக்கிவிட்டுப் பிடித்துக்கொண்டது.

நின்றால் அணைந்துவிடும். அதனால் அப்பா நிற்கவில்லை. திரும்பிப் பார்த்தால் சாய்ந்துவிடும். அதனால் முதுகைக் காட்டியபடியே கத்தினார்.

“நல்லா எழுதுடா!”

நான் கையை ஆட்டினேன். முதுகைக் காட்டிப் போகிறவருக்கு அது எப்படித் தெரியும்? பக்கத்தில் முட்டியில் கைவைத்துக் குனிந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்த கிளார்க் சார்தான் நிமிர்ந்து, ரோடு அதிரக் கத்தினார்.

“எழுதிடுவானுங்க! நீங்க பாத்துப் போங்க!”